நாற்காலியைத் திருப்பிப் போட்ட முதலாளி

செம்மண்டலத்தில் மிக்சி வாங்கப் போனேன். எனக்குத் தெரிந்த கடைதான். இன்று முதலாளி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, யார் மேல கோவம்?"

"கோவம்லாம் இல்லம்மா. சிதம்பரத்துல ஒரு டிரெய்னிங் போயிட்டு வந்தேன். கடைப் பொண்ணுங்க என்னைக் கேட்டு விலை சொல்றதுக்குள்ள கஸ்டமர் போன்ல ஆர்டர் போட்டுடறாங்க. இனிமே இங்க முதலாளியே கெடையாது, எல்லாரும் லீடர்தான். விலைய கொறைக்கறது அவுங்க இஷ்டம்."

வழக்கமாக யாராவது பேரம் பேசினால் கடைப் பெண்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் புருவத்தைத் தூக்கினால் சரி, சுருக்கினால் கிடையாது. அந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டாராம். மனுஷன் திருந்திவிட்டார் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

கடைப் பெண் கலாவிடம் போனில் இருந்த விலையைக் காட்டினேன். "இந்த விலைக்குக் குடு கலா."

அவள் சுவர்ப் பக்கம் பார்த்தாள். "கட்டுப்படி ஆவாதுக்கா."

நான் வாசலுக்கு நடந்தேன். மறுபடி சுவரைப் பார்த்தாள். "சரி, எடுத்துக்கோங்கக்கா."

"பாத்தீங்களா, அவுங்களே முடிவெடுக்கறாங்க!" என்றார் முதலாளி, திரும்பாமலே.

அப்போதுதான் கவனித்தேன். அவருக்கு எதிரே சுவரில், அணைத்து வைத்த பெரிய டிவி. அந்தக் கறுப்புத் திரையில் மொத்தக் கடையும் தெரிந்தது. அவர் புருவமும்தான்.

"கலா, அந்த டிவி என்ன விலை?"

"அது விக்கறதுக்கு இல்லக்கா."

எங்கேயும் பார்க்காமல் அவள் சொந்தமாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

உங்கள் ஆபீசில் அந்த டிவியை எங்கே மாட்டியிருக்கிறார்கள்?