ஐஸ் பெட்டியில் இறுகிய சொக்லேற்

என் சிநேகிதியின் அப்பாவுக்குச் சலரோகம். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் அழைக்கும். அவர்கள் வீட்டில் கேசரி கிண்டினாலும் பாயாசம் வைத்தாலும் அவருக்கு மட்டும் சீனி போடாத தேத்தண்ணிதான். எங்களுடைய கோப்பைகளையே பார்த்தபடி அதைக் குடிப்பார்.

நானும் சிநேகிதியும் கோப்பாயில் ஆசிரியப் பயிற்சிக்குப் போயிருந்த காலம் அது. விடுதியில் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு வாயில் வைக்க முடியாது. சிநேகிதியின் வீடு சைக்கிளில் போகிற தூரம் என்பதால் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாள். எத்தனை சனிக்கிழமை அங்கே சாப்பிட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவர்களில் ஒருவரும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அது என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேலே போனவள் நான் ஒருத்திதான். தொண்டைமானாற்றில் எங்கள் தெருவில் வருகிற கடிதங்களை வாசிப்பது நான். தந்தி வந்தால் என்னைத்தான் தேடுவார்கள். அந்தத் தலைக்கனத்தோடுதான் ஒரு சனிக்கிழமை மாஸ்டரிடம் சொன்னேன்.

"எங்கடை ஊர்ச் சந்நிதி கோயில் திருவிழாவுக்கு வாறனீங்கள்தானே, மாஸ்டர். அப்பிடியே எங்கடை வீட்டுக்கும் வாங்கோ. உங்களுக்கெண்டு சொக்லேற் செய்து தாறன். சீனி பேருக்குத்தான் போடுவன்."

"சீனியில்லாத சொக்லேற்றோ? அதுக்குப் பேர் கசாயம், பிள்ளை."

"மனையியலிலை படிச்சனான். ஒரு துண்டு திண்டால் உங்களுக்கு ஒண்டும் செய்யாது."

"கேட்டீரே?" என்று மாஸ்டர் குசினிப் பக்கம் திரும்பினார். "படிச்ச பிள்ளை சொல்லுது."

"ஆசை காட்டாதை, பிள்ளை," என்றா அங்கே நின்ற அன்ரி, சிநேகிதியின் அம்மா. வருவோம் என்றும் சொல்லவில்லை, வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு இந்த விசயம் பிடிக்கவில்லை.

"வருவினம். ஆனால் சாப்பிடாயினம்," என்றா. "அப்பாட்டைச் சொல்லி ஆறு இளநி பிடுங்கி வைப்பம்."

அம்மா சொன்னதன் பொருள் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டக்காரச் சைவ வீடுகளிலிருந்து வருகிறவர்கள் மீன்பிடிக்கிற கடற்கரை வீடுகளில் கை நனைப்பதில்லை. மரியாதைக்கு இளநி குடிப்பார்கள், அல்லது மூடி திறக்காத சோடா. எங்கள் கை படாத இரண்டு சாமான்கள்.

"அதெல்லாம் அந்தக் காலம், அம்மா. அவை படிச்ச ஆக்கள். நான் அங்கை எத்தினை தரம் சாப்பிட்டிருக்கிறன்!"

"நீ அங்கை சாப்பிடுறது ஒரு கதை. அவை இஞ்சை சாப்பிடுறது வேறை கதை."

அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்பது இப்போது மாஸ்டருக்குச் செய்துகொடுக்க வேண்டும் என்பதைவிடப் பெரிதாகிவிட்டது.

சீனியைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த வருடங்கள் அவை. சீனி குறைத்த பண்டம் செய்ய யாரும் படிக்கத் தேவையில்லை, சங்கக்கடையே பழக்கிவிட்டது என்று அண்ணை பகிடி பண்ணுவார். கொக்கோ தூள் கப்பலில் வேலை செய்த மாமா கொண்டுவந்தது. யாருக்கும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தகர ரின் பிரிக்கப்படாமலே அலுமாரியில் கிடந்தது. பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து அம்மியில் அரைத்தேன். மாஜரினை உருக்கி, கொக்கோவும் பால்மாவும் போட்டு, பழ விழுதையும் ஒரு மேசைக்கரண்டி சீனியையும் சேர்த்துக் கிண்டினேன். வறுத்த கஜுவை உடைத்துத் தூவினேன். அதோடு சவ்வரிசியைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கனிந்த கதலி வாழைப்பழத்தை மசித்து, ஏலக்காய் போட்டு ஒரு புடிங். அதற்குச் சீனியே இல்லை.

வகுப்பில் எழுதித் தந்த செய்முறையின் கடைசி வரி, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணித்தியாலம் வைக்கவும் என்பது. எங்கள் தெருவில் யாரிடமும் அப்படியொன்று இல்லை. ஆவணி வெயிலில் சொக்லேற் தட்டில் சேறு மாதிரிக் கிடந்தது. தட்டைக் கிணற்றுத் தண்ணீரில் மிதக்க விட்டும் பார்த்தேன். இறுகவில்லை.

அப்போதுதான் அப்பாவின் ஐஸ் பெட்டி நினைவுக்கு வந்தது. உள்ளே தகரம் அடித்த பெரிய மரப்பெட்டி. கடலுக்குப் போய்வந்தால் மீன் அதில்தான் கிடக்கும். சந்நிதியில் கொடியேறியதிலிருந்து அப்பா கடலுக்குப் போகவில்லை, வீட்டில் மீன் மச்சம் இல்லை, பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தேசிக்காய் பிழிந்து அதன் தோலால் தேய்த்தேன். இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தேன்.

"திருநீறும் பூசிவிடு. பெட்டியும் சைவமாகட்டும்," என்றார் அண்ணை.

மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தேன். தேசிக்காய் மணம் மட்டும்தான். அம்மாவையும் மோந்து பார்க்கச் சொன்னேன். அம்மாவும் ஒன்றுமில்லை என்றா. அப்பா சாக்கில் சுற்றி ஐஸ் கட்டி கொண்டுவந்து தந்தார். சொக்லேற்றையும் புதிதாய்க் கிண்டிய புடிங்கையும் உள்ளே வைத்தேன். மாலைக்குள் சொக்லேற் கத்தியால் வெட்டும்படி இறுகிவிட்டது. ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "உதைக் கடையிலை வைச்சு விக்கலாம்," என்றார்.

திருவிழாவன்று அவர்கள் வந்தார்கள். மாஸ்டர், அன்ரி, சிநேகிதி. மூவரும் நெற்றி நிறையத் திருநீறோடு, கோயில் புழுதிக் காலோடு, இரவல் வாங்கிப் போட்டிருந்த கதிரைகளில் உட்கார்ந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டு அவர்களுக்கு எதிரே இருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டா.

தட்டை முதலில் மாஸ்டரிடம் நீட்டினேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். இரண்டாவதையும் எடுத்தார்.

"கசாயமில்லை, பிள்ளை. அசல்!"

நான் கதவுப் பக்கம் பார்த்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

சிநேகிதியும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு சிரித்தாள்.

"என்னடி இது, மீன் மணக்குது!"

அன்ரி தட்டுக்கு நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டா. நீட்டினாவா, அல்லது தட்டை விலக்கத்தான் கையைத் தூக்கினாவா என்பதை என்னால் இன்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "விரத நாள், பிள்ளை. கோவியாதை," என்று மட்டும் சொன்னா.

"எனக்கொண்டும் மணக்கேல்லையே," என்றார் மாஸ்டர்.

"உங்கடை மூக்கின்ரை சீத்துவம் எனக்குத் தெரியாதே? முப்பது வருசமாப் பொடி அடைச்ச மூக்கு. மல்லிகைப்பூவும் உங்களுக்கு ஒண்டுதான், மாட்டுச் சாணியும் ஒண்டுதான்," என்றா அன்ரி.

மாஸ்டர் சிரித்தார். சிநேகிதியும் சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து மோந்தார், வாயில் போட்டு மென்றார், எல்லோரையும் பார்த்தார். "எங்கை மணக்குது? நல்லாத்தானே இருக்கு?" என்றார்.  பார்த்தபடியே தன் உள்ளங்கையை மெல்ல மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கதிரையோடு கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்து இருந்தார்.

அந்த இடத்தில் பூமி பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

"புடிங் இருக்கு," என்றேன். "அது..." அதுவும் அதே பெட்டியில் இருந்தது. வசனத்தை முடிக்கவில்லை.

அம்மா சீவிய இளநிகளைக் கொண்டுவந்தா. மூவரும் வாங்கிக் குடித்தார்கள். வெயிலுக்கு நல்லது என்று அன்ரி அம்மாவிடம் அன்பாகவே கதைத்தா. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்கள்.

அவர்கள் போனதும் தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய் ஒவ்வொரு துண்டாக மோந்தேன். கொக்கோ. கஜு. வேறொன்றுமில்லை. அண்ணையைக் கூப்பிட்டேன். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"எங்களைக் கேட்டு என்ன செய்யிறது?" என்றார் அண்ணை. "மீனுக்குள்ளை பிறந்தனாங்கள்."

அது உண்மை. பெட்டியில் மீன் வெடுக்கு இருந்திருக்கலாம். பிறந்ததிலிருந்து அதற்குள் கிடந்த மூக்குகளுக்கு அது தெரியாமல் போயிருக்கலாம். அல்லது அப்படியொரு மணம் இருக்கவே இல்லாமலும் இருக்கலாம். எங்கள் வீட்டில் அதைச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. எங்கள் தெருவிலேயே இல்லை.

விடுதிக்குத் திரும்பியபோது பாதித் துண்டுகளை ரின்னில் போட்டு எடுத்துப் போனேன். என் பக்கத்துக் கட்டில்காரி தென்மராட்சித் தோட்டக் குடும்பத்துப் பிள்ளை. மீன்காரர் தெருவில் வந்தாலே மூக்கைப் பொத்துவாள். ரின்னைத் திறந்து அவளிடம் நீட்டினால் போதும், ஒரு நொடியில் தெரிந்துவிடும். இரண்டு தரம் ரின்னைக் கையில் எடுத்தேன். மணக்கிறது என்று சொன்னால் வெட்கம் எனக்கு. மணக்கவில்லை என்று சொன்னால் என் சிநேகிதியை நான் என்ன செய்வது?

விளக்கு அணைக்கும் முன்னே வெளியே போய், மதிலோரக் குப்பைக் கிடங்கில் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அடுத்த நாள் வகுப்பில் சிநேகிதி என் தோளில் கை போட்டாள். "கோவமோடி?"

"இல்லை. என்னிலைதான் பிழை. மீன் பெட்டிக்குள்ளை வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்."

"சீ, விடடி. அம்மாவும் ஒண்டும் நினைக்கேல்லை," என்றாள் அவள். சனிக்கிழமை வழக்கம்போல சைக்கிளைக் கொண்டுவந்தாள்.

நான் அன்றைக்குச் சவர்க்காரத்தால் முழங்கை வரை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன். சட்டையின் கையை மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. அதை நம்பலாமா என்று தெரியாமல், மீண்டும் ஒரு தரம் கழுவிவிட்டு, அவளுக்குப் பின்னால் ஏறி, அவள்மேல் படாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.