தரையோடு அறுத்த புல்

இந்த நாட்டில் புல்லை அறுத்து அப்படியே போட்டுவிட்டுப் போகிறார்கள். வந்த புதிதில் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் இதைப் பார்த்தேன். ஒருவர் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து வட்டமடித்து முடித்துவிட்டுக் கிளம்பினார். பச்சைப் புல் வெயிலில் வாடிக் கிடந்தது. அள்ள ஆள் வரும் என்று வந்த பேருந்தையும் விட்டுவிட்டு நின்றேன். யாரும் வரவில்லை. வீட்டுக்கு வந்து, மாடே இல்லாத ஊரில் எதற்குப் புல் அறுக்கிறார்கள் என்று செல்வியிடம் கேட்டேன். செல்வி என் மனைவி. முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் விசாவில்தான் நான் இங்கிலாந்துக்கு வந்தேன். "அழகுக்குங்க. நீங்க முடி வெட்டிக்கிட்டு, வெட்டுன முடிய மூட்டை கட்டியா வீட்டுக்குக் கொண்டுவர்றீங்க?" என்றாள்.

அவள் இரட்டை ஷிப்ட் பார்க்க, நான் ஒரு வருஷம் சும்மா இருந்தேன். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் பத்தாவது வரை படித்தவனுக்கு இங்கே என்ன வேலை இருக்கிறது? அதிலும் நான் கூச்சக்காரன். கடைசியில் மைதானங்களில் புல் வெட்டும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்று என்னைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. அன்று செல்வி பாயசம் வைத்தாள். வேலைக்குப் போன முதல் நாள் சூப்பர்வைசர் இயன், வெட்டும் உயரத்தை மாற்றும் நெம்புகோலைக் காட்டி, விரல்களை விரித்து ஓர் உயரம் சொன்னார். பாதி புரியவில்லை. தலையாட்டினேன். அவர் வேன் மறைந்ததும் நெம்புகோலைத் தரையோடு வெட்டும் கடைசிப் பள்ளத்துக்குத் தள்ளினேன். அரைகுறையாக வெட்டினான் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கழக ஆட்சி. கூலியை உயர்த்திச் சட்டம் வந்துவிட்டதென்று ரேடியோ சொன்னது. எங்கள் மிராசுதார் வீட்டு ரேடியோவுக்கு மட்டும் அது கேட்கவில்லை போலிருக்கிறது. சங்கத்து ஆட்கள் விளைந்து நின்ற சம்பா வயலில் சிவப்புக் கொடியை ஊன்றினார்கள். கூலி பேசி முடியும்வரை எங்கள் தெருவில் யாரும் அந்த வயலில் அரிவாள் வைக்கக் கூடாது. அப்பாவும் சங்கத்தில் இருந்தார். ஆனால் உழுததும் தண்ணீர் கட்டியதும் அவர்தான். தினமும் சாயங்காலம் வரப்பில் போய் நிற்பார். ஒரு கதிரைக் கசக்கிப் பார்ப்பார். நெல் உதிரும். திரும்பி வருவார். வீட்டில் உலை வைக்க எதுவும் இல்லாத நாட்கள் அவை. அப்போதும் அவர் உதிர்கிற நெல்லைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு காலை, போலீஸ் காவலோடு லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கள் தெருவே ரோட்டில் நின்று கோஷம் போட்டது. வந்தவர்கள் குனிந்து அறுக்கத் தொடங்கினார்கள். திடீரென்று அப்பா கத்தினார்.

"டேய், அடியோட அறுங்கடா! முழங்கால் ஒசரம் தாளை விட்டுட்டுப் போறீங்களே, மாடு எதைடா திங்கும்?"

கோஷம் நின்றுவிட்டது. சங்கத்துக் கோவிந்தன் மாமா திரும்பிப் பார்த்தார். "யோவ் மச்சான், நீ எந்தப் பக்கம்யா? கூலி கேக்க வந்தியா, மேஸ்திரி வேலை பாக்க வந்தியா?" லத்தியோடு நின்ற போலீஸ்காரரும் சிரித்துவிட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "சண்டை வேற, வேலை வேற இல்லையா" என்று முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. சாகும்வரை எங்கள் தெருவில் அவர் மேஸ்திரிதான்.

இங்கே, அந்த முதல் நாள் சாயங்காலம் இயன் வந்தபோது மைதானம் மொட்டையாக, மண் தெரியக் கிடந்தது. அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அசந்துவிட்டார் என்று நினைத்து, "நல்லா ஒட்ட அறுத்திருக்கேன் சார்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னபிறகுதான் விஷயம் விளங்கியது. இப்படி வெட்டினால் வேர் காய்ந்து புல் செத்துப்போகும். மாதக் கடைசிக்குள் துளிர்த்தால் எனக்கு வேலை. இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்வி திட்டவில்லை. அடுத்த வாரத்துக்கும் இரட்டை ஷிப்டுக்குப் பேர் கொடுத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து தினமும் போய் அந்த மைதானத்து வேலியோரம் நின்றேன். நூலகத்து மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லித்தரும் டீச்சர் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். அவர் பலகையில் 'மோ' என்று எழுதினார். புல்லறுப்பதற்கு ரொம்பப் பழைய சொல். புல்வெளியைக் குறிக்கும் 'மெடோ' அதே வேரிலிருந்து வந்தது. வைக்கோல் குவியலுக்கும் 'மோ' என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் அதன் வேர் வேறு. கூட்டத்தைச் சுட்டுச் சாய்ப்பதற்கும் இந்தச் சொல்தான். அதை நான் டிவி செய்தியில் கேட்டிருக்கிறேன். லாரியும் லத்தியும் ஞாபகம் வந்தன. கடைசியாக 'ஆஃப்டர்மேத்' என்று எழுதினார். வெள்ளம், கலவரம் எல்லாம் ஓய்ந்தபின் மிஞ்சுவதைச் சொல்லும் வார்த்தை என்றுதான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அதற்கு, அறுத்தபின் இரண்டாவதாக முளைக்கும் புல் என்று அர்த்தமாம்.

எங்கள் ஊரில் அது மறுதாம்பு. அறுத்த தாளிலிருந்து மறுபடி முளைப்பது. அந்த வருஷம் வெளியூர்க்காரர்கள் உயரமாக விட்டுப்போன தாளில் மறுதாம்பு அடர்த்தியாக வந்தது. தெரு மாடெல்லாம் அதில்தான் மேய்ந்தன. அப்பா வரப்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். "ஒசரமா விட்டதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். கூலி உயர்ந்தது அதற்கடுத்த அறுப்பில்தான்.

மாதம் முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை வேலியோரம் நின்று பார்த்தபோது மண்ணில் ஊசி ஊசியாகப் பச்சை. இயன் வந்து குனிந்து தடவிப் பார்த்தார். இயந்திரத்தின் சாவியை என் கையில் வைத்தார். செல்விக்குப் போன் செய்தேன். "அப்ப நாளையிலேர்ந்து எனக்கு ஒரு ஷிப்டுதான்" என்றாள்.

இப்போது இயன் காட்டிய உயரத்தில்தான் வெட்டுகிறேன். ஆனால் வேலிக் கம்பியின் அடியில் இயந்திரம் நுழையாது. அதைக் கையால்தான் வெட்ட வேண்டும். அங்கே மண்டியிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு சாண் அகலத்துக்குத் தரையோடு அறுக்கிறேன். அறுத்ததை அள்ளி ஒரு கட்டாகக் கட்டுகிறேன். பேருந்து வரும்வரை அது என் மடியில் இருக்கும். பிறகு போடுவதற்கு மாடு இல்லாமல், நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஏறிக்கொள்கிறேன்.