அக்கோடியனுக்கு வந்த செம்மறித்தோல்

போன மாசி மாதம், கனடாவில், ஸ்காபரோ மல்வேர்னில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் பல வருடங்களாக அக்கோடியன் என்கிற துருத்திப் பெட்டி வாசிக்கிறவள் நான். பெட்டியைத் தோளில் மாட்டி, இடது கையை ஒரு தோல் வாருக்குள் நுழைத்து, இழுத்தும் அமுக்கியும் வாசிக்க வேண்டும். பார்சல் பிரிக்கிற வேலையில் ஏற்கனவே களைத்த கை. அந்த வார் இறுகினால் பெருவிரல் அடியிலிருந்து முழங்கை வரை வலி ஓடும். மூட்டுவாதம் என்றார் டொக்டர். கிறிஸ்து பிறந்த நத்தார் ஆராதனையில் ஒரு பாட்டை நடுவிலேயே நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

"கையோ பெட்டியோ எண்டு நீரே யோசியும்" என்றார் கணவர். பெட்டியை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன்.

அரை மணித்தியாலத் தூரத்திலிருக்கிற விட்பியிலிருந்து ஒரு பெண் காரில் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலைமுடி அப்போதுதான் முளைத்து வருவதுபோல் கட்டையாக இருந்தது. மகளுக்கு வாங்க வேண்டுமாம்.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுறீங்களோ அக்கா?"

வாசித்தேன். இரண்டாவது அடியிலேயே வலி தொடங்கிவிட்டது. சிரித்துச் சமாளித்தேன். அவளோ பெட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோகுதோ?"

"ஓம். அதாலைதான் விக்கிறன்."

"வேறை காரணம் ஒண்டும் இல்லையோ?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்கு முன்னால்!

அவள் என் பக்கத்தில் முழந்தாளிட்டு, வாருக்கும் என் கைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். "தோள் வார் ரெண்டும் வழுகுது அக்கா. பாரம் முழுக்க இந்தக் கையிலைதான் தொங்குது."

"உங்களுக்கு அக்கோடியன் தெரியுமோ?"

"இல்லை. எனக்கு நெஞ்சிலை ஒப்பரேஷன் நடந்தது. அதுக்குப் பிறகு ஹேண்ட்பாக் வார் பட்டாலே உயிர் போகும். எது எங்கை அழுத்தும் எண்டு இப்ப நல்லாத் தெரியும்."

கதிரையில் கிடந்த என் மஃப்ளரை எடுத்து, தோள் வார் இரண்டையும் முதுகுப் பக்கம் சேர்த்துக் கட்டினாள். பெட்டி நெஞ்சோடு ஒட்டி நின்றது. பிறகு காருக்கு ஓடிப்போய், சீட் பெல்ட்டில் சுற்றுகிற செம்மறித்தோல் உறையைக் கழற்றிக்கொண்டு வந்து கைவாரில் சுற்றினாள். வாரையும் கொஞ்சம் தளர்த்தினாள்.

"ஐயோ, உங்களுக்கு வேணுமே?"

"எனக்கு நோவெல்லாம் மாறீட்டுது அக்கா. கழட்ட மறந்து கிடந்தது."

மறுபடி வாசித்தேன். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டு முடியும்வரை கை என்னோடு வந்தது. அவள் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதை விக்காதேங்கோ. பிள்ளைக்கு நான் வேறை ஒண்டு பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டாள்.

யன்னலால் கை காட்டப் போனேன். அவள் பெல்ட்டை மாட்டிவிட்டு, அது நெஞ்சில் படாதபடி ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தாள். மற்றக் கையால்தான் காரைத் திருப்பினாள். செருப்போடு பனிக்குள் ஓடினேன். கார் போய்விட்டது. விட்பி வரைக்கும் அப்படியேதான் ஓட்டியிருப்பாள்.

அடுத்த கிழமை இணையத்தில் அவளிடம் விலாசம் கேட்டு, புது உறை ஒன்று வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து, என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்டைக்குக் கொஞ்சம் நொந்ததுதான் அக்கா."

இப்போதும் ஞாயிறுகளில் வாசிக்கிறேன். யாராவது தன்னிடம் இருப்பதைக் கழற்றித் தந்து, தனக்கு இனி வேண்டாம் என்று சொன்னால், அவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேரும்வரை என் மனம் அவர்களோடேயே போய்க்கொண்டிருக்கிறது.