எங்கள் வீட்டில் எத்தனை பேர்

அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர், தரையில் கால் நீட்டி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். மகன், உயர்நிலைப் பள்ளி முதல் வருடம் படிப்பவன், தட்டில் ஒரு கை, கைபேசியில் ஒரு கை. மகள், அவளும் கைபேசியோடுதான், ஆனால் சாப்பிடவில்லை. நான், ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். சோபாவில் அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் விருந்தாளி.

பேங்கிலிருந்து வந்ததை மகள் ஆங்கிலத்தில் படித்தாள். பிறகு தமிழில் ஒரே வரி சொன்னாள்.

"இல்லைன்னுட்டாங்க."

அவளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. கப்பல் எஞ்சின் படிப்பு. அப்பாவின் காய்கறி லாரி நின்றால் இறங்கித் திறந்து பார்க்கும் பெண் அவள். கப்பலுக்கு எண்ணெய் போட இவ்வளவு படிக்கணுமா என்று அண்ணி கேட்பார். மகள் சிரிப்பாள்.

கட்டணத்துக்கு லோன் கேட்டோம். லோனுக்கு ஜாமீன் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட முடியாது. முன்பு ஒரு கூட்டாளிக்குப் போட்டார். கூட்டாளி ஓடிவிட்டான், பெயர் கெட்டது இவருக்கு. நான் தேக்காவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குகிறேன், பாத்திரம் கழுவுகிறேன். அந்தச் சம்பளத்துக்கு ஜாமீன் நிற்க விடமாட்டார்கள். மகள் சும்மா இருக்காமல் மாணவர்களுக்கான கிரெடிட் கார்டுக்கும் போட்டிருந்தாள், மடிக்கணினியைத் தவணையில் எடுக்கலாம் என்று. அதுவும் இல்லை என்றுதான் வந்தது.

பிறகு எங்களுக்குத் தெரிந்த வழிகளைப் பார்த்தோம். என்னிடம் இரண்டு வளையல் இருந்தது. தேக்கா அடகுக்கடையில் எடை போட்டார்கள். பாதிக்கும் வரவில்லை. எங்கள் முதலாளி பாய் நல்ல மனிதர். ஒரு மாதச் சம்பளம் முன்பணமாகத் தருகிறேன் என்றார். அதையும் சேர்த்தால் கொஞ்சம் கிட்டே வரும், ஆனால் அடுத்த மாதம் என்ன சாப்பிடுவது? எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் மாடியில் ஒரு வட்டிக்கடை இருக்கிறது, லைசென்ஸ் உள்ளதுதான். வீட்டுக்காரர் படி ஏறிப் போய் வட்டியைக் கேட்டார். படி இறங்கி வந்தார்.

மகள் பர்கர் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்தாள். மேலாளர் முழு நேரம் தருவதாகச் சொன்னார். "ஒரு வருஷம் வேலை பாத்துட்டு அப்புறம் படிக்கிறேன்லா மா" என்றாள். எங்கள் கடையில் அப்படிச் சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். ரொம்ப வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்லூரியிலேயே உதவிப் பணம் கேட்க ஓர் இடம் உண்டு என்று அவள் தோழி சொன்னாள். எனக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போனோம். சீனப் பெண்மணி ஒருவர். பொறுமையாகக் கேட்டார், மகள் தமிழில் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர்?

நாலு என்றேன்.

அவர் கணக்குப் போட்டார். வீட்டுக்கு வரும் மொத்தப் பணத்தை ஆள் கணக்கில் வகுக்க வேண்டுமாம். வகுத்து வருவது ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் உதவி உண்டு. எங்களுடையது கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. வேறு யாராவது, வயதானவர்கள், கூட இருக்கிறார்களா என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். மாத முடிவுவரை நேரம் இருக்கிறது, ஏதாவது மாறினால் வாருங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார்.

ரயிலில் மகள் கேட்டாள்.

"அத்தை?"

"அத்தை விருந்தாளி."

"மூணு வருஷமாவா?"



அண்ணி பாசிர் ரிஸ்ஸில் மகன் வீட்டில் இருந்தவர். மருமகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, அறை வேண்டியிருந்தது. இரண்டு நாள் தம்பியைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று புக்கிட் பாஞ்சாங்குக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு நீலப் பெட்டி, சக்கரம் வைத்தது. அதை சோபா பக்கத்தில் நிறுத்தினார். காலையில் ஜிப்பைத் திறந்து துணி எடுப்பார், துவைத்து மடித்து உள்ளே வைப்பார், ஜிப்பை மூடுவார். மூன்று வருடமும் அப்படித்தான். மாதம் ஒரு தடவை, "புள்ள கூப்பிட்டுட்டே இருக்கான், அடுத்த மாசம் போயிடுவேன்" என்பார். சரி அண்ணி என்பேன்.

எப்போது போகிறீர்கள் என்று கேட்க முடியாது. இங்கேயே இருங்கள் என்றும் சொல்ல முடியாது. அது உன் மகன் உன்னை விட்டுவிட்டான் என்று முகத்துக்கு நேரே சொல்வது. அதனால் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அடையாள அட்டையில் பாசிர் ரிஸ் விலாசம்தான் இருந்தது.

மற்றபடி அவர் நாத்தனார்தான். என் கையில் ஊரார் வீட்டு மீன் குழம்பு நாறுகிறது என்பார். என் சாம்பாருக்குத் தனியாக உப்பு எடுத்து வைத்துக்கொள்வார். ஆனால் நான் வேலை முடிந்து வரும்போது சோறு வடித்து இருக்கும். பையன் வீட்டுப்பாடம் முடித்திருப்பான்.

வீட்டுக்காரரிடம் சமையலறையில் மெதுவாகச் சொன்னேன். ஐந்து பேர் என்றால் கிடைக்கும், அதற்கு அண்ணி அட்டையில் நம் விலாசம் இருக்க வேண்டும் என்றேன். அவர் குழாயை மூடிவிட்டுச் சொன்னார்.

"கேட்டா, என்னை வெச்சுக் காசு பாக்குறீங்களான்னு நெனப்பா. அதோட அவ பையன் மானத்தை நாமளே எழுதிக் குடுத்த மாதிரி. வேணாம்."

அவர் சொன்னது சரி. நான் விட்டுவிட்டேன். மகள் முழு நேர வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது.

மறுநாள் காலையில் அண்ணி சேலை கட்டியிருந்தார். வீட்டில் நைட்டிதான் போடுவார். எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றார். மகளைக் கூப்பிட்டு, அட்டையை மேசையில் வைத்தார்.

"இதுல வெலாசம் மாத்தணும். போன்லயே பண்ணலாமாமே."

"எதுக்குக்கா இப்போ?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க படுத்து எந்திரிக்கிறேனோ அதைத்தானே போடணும். உன் சோபாவுல படுத்து என் முதுகே போச்சு. அதுக்கு ஒரு கணக்கு வேணாமா?"

வீட்டுக்காரர் குனிந்து முட்டியைத் தேய்த்தார். தைலம் போடாத முட்டி.

"இவ கப்பலுக்கு எண்ணெய் போடட்டும்" என்றார் அண்ணி. "பர்கருக்கு யார் வேணா வெங்காயம் போடலாம்."

மகள் கைபேசியில் ஏதோ தட்டினாள், அத்தையிடம் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்துத்தான் சேலை கட்டினாராம். யாரும் எடுக்கவில்லை. அண்ணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

புது விலாசத்துக்குத் தபாலில் ஓர் எண் வரும், அதைப் போட்டால்தான் மாறும் என்றாள் மகள். அண்ணி தினமும் சாயங்காலம் சாவியை எடுத்துக்கொண்டு கீழே தபால் பெட்டிக்குப் போனார். கறிவேப்பிலை வாங்கப் போவதாகச் சொல்வார். வீட்டில் கறிவேப்பிலை நிறையச் சேர்ந்தது. ஒரு நாள் கடிதத்தோடு வந்தார். அவர் பெயருக்கு எங்கள் விலாசத்தில் வந்த முதல் கடிதம் அது.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து மகன் கூப்பிட்டான். அவன் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணி பேசியது கேட்டது.

"உன் வீட்டுல எடம் பத்தலைன்ன. அட்டையிலயாச்சும் எடம் விட்டுட்டேன், சந்தோஷமா இரு."

கைபேசியை வைத்தார். பிறகு என்னிடம் சாம்பாரில் உப்பு இல்லை என்றார். அன்று நான் சாம்பாரே வைக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அண்ணியும் சேர்ந்து மூன்று பேருமாகப் போனோம். அதே பெண்மணி. இவர் உண்மையிலேயே உங்களோடுதான் இருக்கிறாரா என்று கேட்டார். மூன்று வருடமாக என்றேன். பிறகு ஏன் அன்றைக்கு நாலு என்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

"விருந்தாளி" என்றேன்.

நான் ஒரு சொல் சொன்னேன். மகள் அதை ஆங்கிலத்தில் ரொம்ப நேரம் சொன்னாள். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். அவர் அம்மா வீட்டிலும் இப்படி ஒரு மாமா இருந்தாராம், போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே.

உதவி கிடைத்தது. முழுக் கட்டணமும் இல்லை, பெரும்பகுதி. மிச்சத்தை மாதாமாதம் கட்டலாம் என்றார்கள், கட்டுகிறோம். மடிக்கணினி, யாரோ பயன்படுத்திக் கொடுத்தது, கல்லூரியே தந்தது. மூடி கொஞ்சம் ஆடும். மகள் திருகைக் கழற்றி அவளே சரி செய்துகொண்டாள். பர்கர் கடையில் சனி ஞாயிறு மட்டும் போகிறாள்.

வளையல் என் கையில் இருக்கிறது.

மகள் அறை அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன். ஒரு தட்டில் எப்படி அடங்கும் என்று அண்ணி கேட்டார். இரண்டாவது தட்டையும் எடுத்துக்கொண்டார். இப்போது அந்த அறையில்தான் படுக்கிறார். நீலப் பெட்டியில் பையன் கால்பந்து உடுப்பைப் போட்டு இழுத்துக்கொண்டு போகிறான். அதில் வரும் நாற்றத்துக்கு அண்ணி அவனைத் திட்டுவார். அடுத்த மாதம் போகிறேன் என்று சொல்வதை விட்டுவிட்டார்.

இந்த வருடமும் உதவிக்குப் புதிதாகப் போட வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் மகள் மடிக்கணினியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள். அப்பா சம்பளம், என் சம்பளம். பிறகு வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள், என்னைப் பார்த்து. நான் வாயைத் திறப்பதற்குள் அறைக்குள்ளிருந்து அண்ணி சொன்னார்.

"அஞ்சு."