பதினேழு டின் மண்

லியோனார்ட் மண்ணை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாகான் செராயிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த மங்களம், பிளாஸ்டிக் பையில் முடிந்து கொண்டுவந்த மண் அது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இது ஆட்டுப் புழுக்கை போட்ட மண்ணு. உங்க வீட்டுக்காரரு கத்திரிப் பாத்தியிலயா பிஎம்எக்ஸ் சைக்கிள் ஓட்டுறாரு?"

"ஆமாண்ணே. தெருவுலதான் கெளம்புறாரு. நிறுத்தத் தெரியாம பாத்தியிலதான் வந்து நிக்கிறாரு."

"அப்ப டயர மாத்தி புண்ணியமில்ல லா. பிரேக்க மாத்துங்க."

மலேசியாவின் பத்து காஜா ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் அந்த சைக்கிள் கடையில் டயர் வாங்கப் போகிறவர்கள், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் பாதகமில்லை. மண் இல்லாமல் போனால் லியோனார்ட் ஏறிட்டும் பார்க்கமாட்டார். முதல்முறை நான் வெறுங்கையோடு போய் நின்றபோது, "எங்க ஓட்டப் போறீங்க சார்?" என்றார். "வீட்டுப் பக்கம்தான்" என்றேன். "வீட்டுப் பக்கம்னா என்னா மண்ணு?" என்றார். ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிற எனக்குப் பதில் தெரியவில்லை. திரும்பிப் போய் ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்தேன்.

கடையின் பின்சுவரில் ஓர் அலமாரி நிறைய அவருடைய டின்கள் இருக்கின்றன. எல்லாம் காலி மைலோ டின்கள், மொத்தம் பதினேழு. லூமுட் கடற்கரை மணல், தோட்டத்துச் செம்மண், வயல் களிமண், ஈயம் எடுத்துவிட்டுக் கொட்டிய வெள்ளை மணல் என்று ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கும். வருகிற மண்ணை இவற்றோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு. பொலபொலவென்ற மணலா, அகலமான டயர். பல் பெரிதாக இருக்க வேண்டும், காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். களிமண்ணா, பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி வேண்டும். "இல்லாட்டி சேத்த அப்பிக்கிட்டு டயரே தோசக்கல்லு மாதிரி ஆயிடும்." இறுகிய செம்மண்ணுக்குச் சின்னச் சின்னப் பல், நெருக்கமாக. தார் ரோடு என்றால் முகத்தைச் சுளித்து வழுக்கை டயர் ஒன்றை எடுத்துப் போடுவார். தாரில் ஓட்டுகிறவர்களை அவர் சைக்கிள்காரர்களாகவே மதிப்பதில்லை.

இந்த வித்தையெல்லாம் ரப்பர் தோட்டத்தில் வந்தது. இருபது வருஷம் ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழ் இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று தரம் பிரித்தவர். தோட்டம் ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது. இவர் சைக்கிள் கடைக்கு மாறினார். இன்றைக்கும் புது டயரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். டயருக்குள் எதுவும் தெரியாது. ஆனாலும் பார்ப்பார். ஓரத்தைப் பல்லால் ஒரு கடி கடிப்பார். போன மாதம் ஒரு தோட்டத்து மேனேஜர் மவுண்டன் பைக் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அதன் டயரையும் கடித்துவிட்டு, "மூணாம் நம்பரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், லியோனார்டுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. "ரெண்டே சக்கரம். பிடிச்சிக்க ஒண்ணுமில்ல. அத நம்பி எப்புடி சார் ஏறுறது?" குடையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் கடைக்கு வருவார். அவர் மனைவி ரோசரி, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர், வெள்ளைச் சீருடையோடு சிவப்பு பிஎம்எக்ஸில் பறப்பார். வழியில் கணவரைக் கண்டால் மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார். நிறுத்தி என்ன பயன், பின்னால் உட்காரக் கேரியரா இருக்கிறது?

கடையின் சீன முதலாளி ஆ லியோங்குக்கு அந்த அலமாரிமேல் ரொம்ப நாளாகக் கண். அங்கே ஹெல்மெட் அடுக்க வேண்டும் அவருக்கு. "இனி கெடாய் பாசிக்கால், புக்கான் கெடாய் பாசிர்!" என்று ஒருநாள் மலாயில் கத்திவிட்டார். இது சைக்கிள் கடை, மணல் கடை இல்லை என்கிறார். லியோனார்டுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாதா கோயில் திருவிழாவில் பெரியவர்களுக்கென்று பிஎம்எக்ஸ் பந்தயம் வைத்திருந்தார்கள். "ரோசரி ஓட்டுவா. நான் மண்ணு பாத்து டயர் போடுறேன். ஜெயிச்சா டின்னு இங்கதான் இருக்கும். தோத்தா நானே தூக்கிப் போடுறேன் லா, தவுக்கே!" வாடிக்கையாளர் நான்கு பேர் முன்னால் முதலாளியிடம் சொன்ன சொல் அது. மாற்ற வழியில்லை.

கோயிலுக்குப் பின்னால் இருப்பது பழைய ஈயச் சுரங்கத்து மணல் திடல். மூன்று வாரம் லியோனார்ட் அதன் நாலு மூலையிலும் அள்ளிவந்து ஆராய்ந்தார். அகலமான பல் டயரைத் தேர்ந்தெடுத்து, கடித்து, "ஒன்னாம் நம்பரு" என்று மாட்டினார்.

பந்தயத்தன்று காலையில் கொட்டிய மழையில் திடல் குளமாகிவிட்டது. பாதர் யோசித்துவிட்டு, பந்தயத்தைக் கோயில் மண்டபத்து முற்றத்துக்கு மாற்றினார். முற்றம் முழுக்க சிமெண்டுத் தரை. அதுவும் நனைந்த சிமெண்டு.

"அண்ணே, ஓடிப்போயி வழுக்க டயர எடுத்தாங்க" என்றார் ரொட்டிக்கார அப்பாவு. போட்டியில் ரோசரிக்கு எதிராக ஓட்டப்போகிறவரே அவர்தான். "சிமிண்டுக்கு வழுக்க டயருன்னு எங்க வீட்டு மாடுகூடச் சொல்லும்."

"மாடு சொல்லும்யா. நான் பாத்துதான் சொல்லணும். எங்கிட்ட சிமிண்டு டின்னு இல்ல."

நான் போய் எடுத்து வருகிறேன் என்று கெஞ்சினேன். தெரியாத தரைக்கு டயர் சொல்லமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். தரையில் மண்டியிட்டு முகர்ந்து பார்த்தார். மழை வாசம்தான் வந்திருக்கும்.

"நவுருங்க, நான் ஓட்டிக்கிறேன்" என்றார் ரோசரி.

நன்றாகத்தான் ஓட்டினார். முதல் சுற்றில் அப்பாவு இரண்டு சைக்கிள் தூரம் பின்னால். இரண்டாம் சுற்றின் திருப்பத்தில் பல் டயர் தரையைக் கவ்வாமல் சறுக்கியது. ரோசரி ஒருபக்கமாகச் சாய்ந்து, சிமெண்டைத் தேய்த்துக்கொண்டே போய்ப் பூந்தொட்டிகளில் முட்டி நின்றார். அப்பாவு ரொட்டி விற்கப் போகிறவர் மாதிரி நிதானமாகக் கோட்டைத் தாண்டினார்.

ஆ லியோங் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். இரண்டு கையையும் விரித்து அலமாரியின் நீளத்தைக் காற்றில் அளந்து பார்த்தார். அந்தப் பதினேழு டின்களும் குப்பைக்குப் போவதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை.

லியோனார்ட் மருந்துப் பெட்டியோடு மனைவியிடம் ஓடினார். முழங்கை நன்றாகச் சிராய்த்திருந்தது. சட்டைக் கையெல்லாம் ஈரமான சாம்பல் நிறப் பொடி.

"என்னாங்க பாக்குறீங்க? எரியுது, மருந்தப் போடுங்க லா!"

"ஆடாத, ரோசரி. ஒரு நிமிசம்."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மனைவியின் கைக்குக் கீழே விரித்தார். சட்டைக் கையில் ஒட்டியிருந்த சிமெண்டுப் பொடியை, ஒரு துகளும் சிந்தாமல், விரலால் மெதுவாக வழித்து அதில் இறக்கினார். நான்காக மடித்துப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் மருந்துப் பெட்டியைத் திறந்தார்.