பச்சை விளக்கை நம்பாத என் தங்கை

என் தங்கை ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் நான் தரை துடைக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அவள் வேலை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. ஒரே கேபிளில் படம் வர நேரமானதால், இரண்டு கேபிள்களைச் சேர்த்து ஒரே பாதைபோல ஓடவிட்டவள் அவள்தான். கேபிள்களின் மறுமுனை சுவிட்ச் என்ற பெட்டியில் செருகியிருக்கும். ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பாதி டாக்டர்களுக்குப் படம் வரவில்லை.

"ரெண்டு தோணியில கால் வைக்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றார் மேலாளர். "என் ரூம்ல நல்லாத்தானே வருது? மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா சர்வர் பொறுப்பை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆண்டவனை வேண்டிக்கொண்டேன்.

அவளோ நிதானமாகச் சர்வரைப் பார்த்தாள். இரண்டு கேபிளிலும் பச்சை விளக்கு. திரையும் இரண்டும் நலம் என்றது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு, டாக்டர்கள் படம் பார்க்கும் பன்னிரண்டு அறைக்கும் நடந்தாள். நானும் துடைப்பானோடு பின்னாலேயே போனேன்.

"அக்கா, உன் ஈரத்துல யாராவது வழுக்கி விழுந்தா அதுக்கும் என்னைத்தான் திட்டுவாரு!"

ஏழு அறையில் எப்போது கேட்டாலும் படம் வந்தது. ஐந்து அறையில் எத்தனை தரம் கேட்டாலும் வரவில்லை.

"இந்த ரூமுக்கு இந்த கேபிள்னு சர்வர் பிரிச்சு அனுப்புதுக்கா. சார் ரூம் நல்ல கேபிளோட பங்குல வந்திருக்கு. அதான் அவருக்கு ஒண்ணும் தெரியல."

திரும்பிவந்து இரண்டாவது கேபிளைப் பிடுங்கினாள். எல்லா அறையிலும் படம் வந்தது. அதைச் செருகிவிட்டு முதலாவதைப் பிடுங்கினாள். ஓர் அறையிலும் இல்லை. உடனே அதையும் செருகிவிட்டாள். வேறொருத்தி என்றால் கெட்டதைக் கழற்றி வீசிவிட்டு உட்கார்ந்திருப்பாள். இவள் அந்த இரண்டாவது கேபிளைத் தடவிக்கொண்டே மறுமுனை வரை போனாள். சுவிட்சில் எட்டாம் துளையில் இருக்க வேண்டியது ஒன்பதில் இருந்தது. எட்டாம் துளைதான் இந்த இரட்டைப் பாதைக்கு உரியது. ஒன்பது வேறு வேலைக்கு ஒதுக்கியது.

எட்டிப் பார்த்த மேலாளரின் முகம் சுருங்கியது. "சனிக்கிழமை ஒயரெல்லாம் சிக்கலா கிடக்குதேன்னு நான்தாம்மா அழகா அடுக்கினேன். லைட் எரிஞ்சுதே!"

"கேபிள் மாட்டியிருக்குன்னுதான் சார் லைட் சொல்லும். அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னு சொல்லாது. அதை விசாரிக்கிற மாதிரி நானும் முதல்லயே வைக்கல. அது என் தப்பு."

கேபிளை எட்டுக்கு மாற்றினாள். இரு பக்கமும் அடிக்கடி ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும்படியும், பதில் வராத கேபிளைச் சர்வரே ஒதுக்கிவிடும்படியும் அமைப்பைத் திருத்தினாள். பிறகு வேண்டுமென்றே கேபிளை ஒன்பதில் செருகிச் சோதித்தாள். பன்னிரண்டு அறையிலும் படம் வருவது நிற்கவில்லை. மறுபடி எட்டுக்கே மாற்றினாள். மணி பதினொன்றரை.

மேலாளர் டாக்டர்கள் முன்னால் வந்து நின்றார். "தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணு. சர்வர் இவ பொறுப்புலதான் இருக்கும்."

"யாருங்க அவங்க?" என்று புதிதாக வந்த நர்ஸ் என்னிடம் கேட்டாள்.

"என் தங்கச்சி!" என்றேன். வார்டே திரும்பிப் பார்க்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடவுள் மன்னிப்பார்.