கோதுமை நிறக் காது

வேங்கிக்கால் இராமலிங்கத்தைப் போல ஒரு பிடிவாதக்காரரை நாய்க்குட்டி விற்கிறவர்கள் பார்த்ததில்லை. வேலூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் பெயரைக் கெடுத்து வைத்திருந்தார். "கோல்டன் ரெட்ரீவர் குட்டி இருக்குதாமே, என்ன கலரு?" என்று போனில் ஆரம்பிப்பார். கிரீம் என்றால் வேண்டாம். செம்பட்டை என்றாலும் வேண்டாம். "கோதுமை நிறம் இருக்குதா? மாவு இல்லைங்க, கோதுமை. புடைச்சு வெச்ச கோதுமை." கேட்பவருக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் எரிச்சல் வரும். ஆனாலும் வரச் சொல்வார்கள். இவரும் பஸ் ஏறிப் போவார், குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்குவார், காதைப் புரட்டிப் பார்ப்பார், கடைசியில் "தாயைக் காட்டுங்க" என்பார். தாய் வந்து நின்றதும் அதன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நிறம் ஒத்து வரலைங்க" என்று சொல்லித் திரும்பிவிடுவார்.

குட்டி யாருக்கு வேண்டும்? அவர் தேடியதே தாயைத்தான்.

இராமலிங்கம் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். பெங்களூர் ரூட். ஓய்வு பெற்ற அன்று, கடைசி ட்ரிப்பில், தனக்குத் தானே ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டு மூங்கில் கூடையில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். அசல் ஜாதி நாய், அதற்குப் பத்திரம்கூட உண்டு. பத்திரத்தில் இருந்த ஆங்கிலப் பெயர் அவர் மனைவி ஆதிலட்சுமியின் வாயில் நுழையவில்லை. "ரேஷன் கோதுமை மாதிரியே இருக்குது" என்றாள். அன்றிலிருந்து அது கோதுமை.

நாலு வருஷம் கோதுமை அவர் செருப்புச் சத்தத்துக்கே வாசலுக்கு ஓடி வந்தது. அப்புறம் அந்தக் கார்த்திகை தீபம் வந்தது.

ஊரே மலையைப் பார்த்து நின்றிருந்தது. இவரும் ஏரிக்கரையில், கையில் சங்கிலியோடு. ஆறு மணிக்கு உச்சியில் ஜோதி தெரிந்தது. "அரோகரா" என்று அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார்கள். அண்ணாமலையாரை ஒற்றைக் கையால் கும்பிடுகிறவன் உண்டா? இவரும் தூக்கினார். அந்த நொடியில் பக்கத்தில் ஒரு பத்தாயிரம் வாலா வெடித்தது. கையை இறக்கிப் பார்க்கும்போது சங்கிலி இல்லை, நாயும் இல்லை, சுற்றி நின்றவர்களின் கால்கள் மட்டும்தான். முப்பத்தோரு வருஷமாக ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் "கம்பியைப் பிடிங்க, கையை விடாதீங்க" என்று தொண்டை கிழியக் கத்திய மனுஷன். தன்னுடையதைத் தானே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் மலையைக் கும்பிடவில்லை. இருபது வருஷமாகத் தப்பாமல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போனவர், நிறுத்திவிட்டார். "உன்னைக் கும்பிட்டுத்தானே விட்டேன்" என்று மலையிடம் நேராகவே சொல்லிவிட்டாராம். முட்டி வலியால் நடக்க முடியாத ஆதிலட்சுமி, "எனக்கும் சேர்த்து நீங்கதான போயிட்டிருந்தீங்க. குளத்தோட கோவிச்சுக்கிட்டு கால் கழுவாம வந்தானாம் ஒருத்தன்" என்று பல்லைக் கடிப்பாள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். சங்கிலி பிடித்த வலது கையை மட்டும் அடிக்கடி விரித்துப் பார்த்துக்கொள்வார்.

யாரோ வெளியூர் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவர் கணக்கு. ஜாதி நாயைத் தூக்கியவன் சும்மா வைத்திருப்பானா? குட்டி போட வைப்பான், விற்பான். விற்கிற வீட்டில் தாயும் இருக்கும். அதனால்தான் குட்டி வாங்குகிற வேஷம்.

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் முருகவேல் ஒரு நுணுக்கம் சொல்லிக்கொடுத்திருந்தான். "உடம்பைப் பார்த்து ஏமாறாதீங்க சார். குட்டியில எல்லாம் வெளுப்பாத்தான் இருக்கும். காதைப் பாருங்க. காது இன்னைக்கு என்ன நிறமோ, வளர்ந்தா உடம்பு அந்த நிறம்." இராமலிங்கம் கோதுமையின் சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒரு விபூதிப் பொட்டலத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஊர் ஊராக அந்த முடியைக் குட்டிகளின் காதோரம் வைத்துப் பார்த்தார்.

இந்த அலைச்சலில் அவர் கண்ட கூத்து கொஞ்சமா? செங்கத்தில் ஒரு டாக்டர் அம்மா, சோபாவுக்குப் பொருத்தமாகக் கிரீம்தான் வேண்டும் என்று சோபாத் துணியோடு வந்திருந்தார். லேப்ரடார் வீடுகளில் கறுப்புக் குட்டி கடைசி வரை கிடக்கும், சனி என்பார்கள். ஜோசியர் யாருக்காவது பைரவர் பரிகாரம் சொல்லிவிட்டால் போதும், தேய்பிறை அஷ்டமிக்கு முன்னால் அதே கறுப்புக்கு அடிதடி. போளூரில் ஒருவர் இவர் ஆசையைக் கேள்விப்பட்டு, நல்ல கிரீம் குட்டியை மஞ்சளில் குளிப்பாட்டி வைத்திருந்தார். காதைத் தொட்ட விரல் மஞ்சளாகிவிட்டது. "நலுங்கு எப்ப முடிஞ்சுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தார். வீட்டில் சொல்ல, ஆதிலட்சுமி சிரித்துச் சிரித்துப் புரையேறி, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ இதுல கால்வாசி பார்த்திருப்பீங்களா?" என்றாள். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது.

கோதுமை தொலைந்து இரண்டு வருஷம் கழிந்து, பங்குனியில் ஒருநாள் முருகவேல் போன் செய்தான். "சார், அடி அண்ணாமலையில டிபன் கடை வெச்சிருக்கிற சந்திரம்மாள்னு ஒருத்தங்க குட்டிங்களுக்கு ஊசி போட எடுத்துட்டு வந்தாங்க. அப்பன் தெருநாய்தான். ஆனா ஒரு பொட்டைக் குட்டி, காது அப்படியே உங்க பொட்டலம்."

"ஜாதிக் குட்டி இல்லையா?"

"கம்மி ஜாதிதான்" என்று சிரித்தான்.

திருடியவன் தெருநாயோடா சேர்ப்பான்? போகவே வேண்டாம் என்றிருந்தார். அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் இருக்கிற ஊர் வேறு. ஆனால் அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை பஸ் ஏறினார்.

கடை பாதையோரமாகவே இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய சந்திரம்மாள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐம்பது நாள் குட்டிகள் நாலு, அடுப்புச் சாம்பலில் புரண்டுகொண்டிருந்தன. கோதுமைக் காதுக்காரியைத் தூக்கிப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒட்டவைத்தது போல ஒன்றாக இருந்தது.

"தாயைக் காட்டுங்கம்மா" என்றார்.

காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் கேட்டதுமே பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு கோதுமை வந்தது. அவர் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதது. இராமலிங்கம் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் அழுதார், வெட்கப்படவில்லை.

சந்திரம்மாள் ஈரக்கையோடு நின்றாள்.

"உங்களதாண்ணா?" என்றாள். "தீபத்தன்னைக்கு ஜனத்தோட ஜனமா வந்துச்சு. இங்கதான் வேன் ஏறிடுச்சு கால் மேல. மூங்கில் பத்தை வெச்சுக் கட்டி, மூணு மாசம் தூக்கித் தூக்கித்தான் வெளியே விட்டேன். மஞ்சான்னு கூப்பிடுவேன்."

கூட்டம் போன வழியிலேயே அதுவும் போயிருக்கிறது. அவர் விழுப்புரம் வரைக்கும் தேடினார். அது மலைக்குப் பின்பக்கம் இருந்தது.

"யாருதோ, தேடி வருவாங்கன்னு பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரோட்டோரமா, லைட்டு கம்பத்துலயே கட்டி வெச்சேன். அத்தனை ஜனம் போவுதே, ஒருத்தர் கண்ணுலயாவது படாதான்னு. பதிமூணு பௌர்ணமி கட்டினேன்ணா. விடிய விடிய போறவங்க காலையே பார்த்துட்டு இருக்கும். அப்புறம் எனக்கே தாங்கல, நிறுத்திட்டேன்."

பதிமூன்று பௌர்ணமி. ஒரே ஒரு பௌர்ணமி, பழைய வழக்கப்படி நடந்திருந்தால் போதும். அவர் மலையைத் தண்டிப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்த ராத்திரிகளில், அது இந்தக் கம்பத்தடியில் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

"கூட்டிட்டுப் போங்க" என்றாள் சந்திரம்மாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அவர் எழுந்தார். "கோதுமை, வா" என்றார். நொண்டிக்கொண்டே கூட வந்தது. ரோட்டு விளிம்பு வந்ததும் நின்றது. வேன் ஒன்று போனது. அது உடம்பெல்லாம் நடுங்கி, திரும்பி சந்திரம்மாளைப் பார்த்தது. பிறகு இவரைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. எந்தப் பக்கமும் போக முடியாமல் நடுவிலேயே நின்றது.

ஒரு நிமிஷம்கூடச் சங்கிலியைப் பிடிக்கத் தெரியாதவன் நான், மூன்று மாசம் தூக்கிச் சுமந்தவள் அவள் என்று நினைத்தார். அதன் தலையைத் தடவி, "போம்மா, உன் இடத்துக்குப் போ" என்றார். அது மெதுவாகத் திரும்பிப் போய் சந்திரம்மாளின் காலடியில் படுத்தது. படுத்தும் கண்ணை இவரை விட்டு எடுக்கவில்லை.

"ஏண்ணா?" என்றாள்.

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து பார்த்துக்கறேம்மா. எனக்கு அந்தக் காதுக்காரியை மட்டும் குடுங்க."

குட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். வழியனுப்ப, ஈரக்கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டாள். அவளைத்தான் அவர் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். கை எழும்பப் பார்த்தது. எழும்பவில்லை, குட்டியை இறுக்கிக்கொண்டது.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்றார். "நான் கும்பிட மாட்டேன். கையில புள்ளை இருக்குது."

பஸ் வந்தது. ஏறவில்லை. மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு, மீதிப் பாதையை நடந்தே போனார்.